உலகம்மையின் மூக்குத்தி

“பெயிண்டுக்கு அடியில ஆள் இருந்தா உங்க மிஷின்ல தெரியுமா?”

போனை எடுத்ததும் இதுதான். வணக்கம் கிடையாது, பேர் கிடையாது. நான் சென்னையில் பழைய ஓவியங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற வேலையில் இருப்பவள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கை, கால், நெஞ்சு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்விக்கும் அசர மாட்டேன். “தெரியலாம். யார் அந்த ஆள்?” என்றேன்.

“எங்க அம்மா.”

பேசியவர் காந்திமதி டீச்சர். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபது. அவரைப் பெற்ற சூட்டிலேயே அம்மா உலகம்மை இறந்துவிட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்பாசமுத்திரத்தில், பிறந்த வீட்டுக் கூடத்துச் சுவரில், ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு ஆயில் பெயிண்டிங் இருக்கிறது. அதுதான் அம்மா. அப்பா வருஷம் திரும்புமுன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அந்தச் சின்னம்மாவின் மகன், டீச்சருக்குத் தம்பி, இப்போது அந்த வீட்டில் இருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால் அது பெயிண்ட் கடைக்காரர் வீடு. அப்பா காலத்துக் கடை. வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, புதுச் சரக்கில் உடைக்கிற முதல் எனாமல் டப்பா உலகம்மைக்கு. கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற ஆள், கையோடு அந்த முகத்துக்கும் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டுப் போவார். மங்கிய படத்தை வீட்டில் வைக்கலாமா? மரியாதையாகத்தான் செய்தார்கள். அறுபத்துச் சொச்சம் பொங்கலுக்கும் மரியாதை செய்திருக்கிறார்கள்.

“எனக்கு வெவரம் தெரியும்போதே ரெண்டு மூணு கோட்டிங் ஏறியாச்சு,” என்றார் டீச்சர். “இப்ப வெடிச்சு உதிருது. தம்பி கம்ப்யூட்டர்ல புதுப்படம் அடிச்சுட்டான். பழச இந்த வெள்ளிக்கிழமை பாபநாசத்துல ஆத்துல விடப் போறான். அதுக்குள்ள ஒருக்கா நீங்க வந்து பாக்கணும். எங்கம்மா மொகத்த நான் பாத்ததே இல்ல.”

வேறு வேலை இருந்தது. அதைத் தள்ளிப் போட்டேன். எழுபது வயதுவரை தாய் முகம் தெரியாமல் ஒருத்தி இருந்திருக்கிறாள், அந்த முகம் பெயிண்டுக்குள் கிடக்கிறது, அது ஆற்றுக்குப் போகப் போகிறது என்றால் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் நான் நன்றாக வேலை செய்வேன்.

பழைய ஓவியர்கள் தோலுக்குப் போட்ட வெள்ளையில் ஈயம் இருக்கும். ஈயத்தை எக்ஸ்ரே தாண்டாது, படத்தில் அந்த இடம் பளீரென்று வெள்ளையாக விழும். கதவுக்கு அடிக்கிற எனாமலில் ஈயம் அவ்வளவு இருக்காது, அதைப் பெரும்பாலும் தாண்டிவிடும். ஆகவே மேலே எத்தனை கோட்டிங் இருந்தாலும் அடியில் இருக்கிற பழைய முகம் தெரிய வேண்டும். நான் கிளம்பினது அந்த நம்பிக்கையில்தான்.

புதன்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன். மார்கழிக் கடைசி. சென்னையில் மார்கழி என்றால் ஃபேனைக் குறைத்துவைப்பது, இங்கே நிஜமாகவே காது குளிர்ந்தது. என் மிஷின் ஒரு பெட்டி, மாட்டு டாக்டர்கள் தோட்டந்துறவுக்குத் தூக்கிக்கொண்டு போகிற ரகம். பெட்டிமேல் சட்டப்படி கதிரியக்கக் குறி ஒட்டியிருக்கும், மஞ்சளில் கறுப்பு விசிறி. ஸ்டேஷன் வாசலில் மூன்று ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

“கூடங்குளத்துக்கா?”

இல்லை, அம்பாசமுத்திரம் என்றேன். “அங்கன என்னத்த தொறக்கப் போறாங்க?” என்று ஒருவர் மற்றவரிடம் கவலையாகக் கேட்டது காதில் விழுந்தது. காந்திமதி டீச்சர் ஒரு தூணோரம் குடையோடு நின்றிருந்தார். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஒல்லியான உருவம், வகிடு எடுத்து இழுத்துப் பின்னின தலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. என் கையைப் பிடித்தார், விடவில்லை. பிறகு பெட்டியைத் தடவப் போனார். “தொடாதீங்க,” என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது. ஓவியத்தைக் கண்டால் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் மஞ்சள் குறியைப் பார்த்தார்.

“இது என்ன படம்? வெடிச்சுருமா?”

வெடிக்காது, ஸ்விட்ச் போட்டால்தான் வேலை செய்யும் என்றேன்.

“ஸ்விட்சு தானா விழுந்துட்டா?”

பேட்டரியைக் கழற்றிக் காட்டினேன். அதற்குள் பின்சீட்டில் ஒருவர், “கூடங்குளத்து லாரில இதே படம் பாத்திருக்கேன் வே,” என்று ஆரம்பித்துவிட்டார். “எம்மவ மாசமா இருக்கா, எறக்கிருங்க,” என்றாள் ஒரு அம்மாள். பஸ்ஸே கூடிக் கூட்டம் போட்டது. யாரும் கத்தவில்லை, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், கடைசியில் எல்லா யோசனையும் எங்களை இறக்குவதில் வந்து நின்றது. சென்னை பஸ்ஸாக இருந்தால் இந்தப் பெட்டிமேல் இரண்டு பேர் உட்கார்ந்து போயிருப்பார்கள். ஊரில் ஒருவர் பொருளை ஒருவர் கவனிக்கிறார்கள் என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு லோடு ஆட்டோ கிடைத்தது. டீச்சரும் நானும் முன்னால் டிரைவரோடு நெருக்கிக்கொண்டோம், பின்னால் வாழைச் சருகு மெத்தையில் எக்ஸ்ரே மிஷின். அதற்கு அவ்வளவு சுகமான பயணம் வாய்த்ததில்லை. சேரன்மகாதேவி தாண்டி வயல்கள் இரண்டு பக்கமும் தண்ணீராகப் பளபளத்தன. வீரவநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னி? “அதுவும் பஞ்சர்தான். பைய ஒட்டிட்டு வந்துருதேன்,” என்று டிரைவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். பைய என்றால் மெதுவாக. அவர் சொன்ன சொல் தவறவில்லை, சாயங்காலம் ஆகிவிட்டது.

ரோட்டோரக் கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். டீச்சர் பேசினார்.

“சின்னப் புள்ளைல கண்ணாடி முன்னால நிப்பேன். அப்பா போட்டோ இருக்குல்லா, அத ஒரு கையில வச்சுக்கிடுவேன். எம்மொகத்துலருந்து அப்பா சாயலக் கழிச்சா மிச்சம் அம்மாதான? நெத்தி அப்பா. காது அப்பா. தாவாங்கட்டை அப்பா. கழிச்சுக்கிட்டே வருவேன். அன்னைக்கு ஆரம்பிச்ச கணக்கு இது. மிச்சம் வரவே மாட்டேங்கு.”

எழுந்து போய் அந்த டிரைவரை அவசரப்படுத்தலாமா என்று யோசித்தேன்.

அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். டீச்சரின் தம்பி கோமதிநாயகம் வாசலுக்கே வந்தார். அறுபதைத் தாண்டிய கனத்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். “வாங்க, வாங்க. அக்கா சொன்னா. ஆனா வெளக்கு வச்சாச்சு. இனி எந்திரத்த எறக்காண்டாம். காலைல பாத்துக்கிடலாம்,” என்றார். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வீட்டம்மா ஒரு தட்டை நீட்டிவிட்டார்: உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், மேலே நல்லெண்ணெய். சண்டை அங்கேயே நின்றுவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே உலகம்மையைப் பார்த்தேன். பழைய வீடுகளில் மாட்டுவது போலவே படம் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து, கயிற்றில் தொங்கியது. கீழே குத்துவிளக்கு, நெற்றியில் சந்தனம், குங்குமம். பட்டுச்சேலை, நாற்காலிக் கை, மடியில் வைத்த கைகள் எல்லாம் தேர்ந்த ஓவியன் வேலை. கழுத்துக்கு மேலே கதவு வேலை. ரோஸ் கன்னம், இரட்டை நாடி, ஆளுக்கொரு திசை பார்க்கும் கண்கள். அறுபது வயது மதிக்கலாம். வெடிப்பு விட்டு ஓரங்களில் எனாமல் சுருண்டிருந்தது.

“எங்கம்மா போற வரைக்கும் இவுகளுக்கு வெளக்கு ஏத்தாம வாயில காப்பி பட்டதில்ல,” என்றார் அண்ணாச்சி. “நேர்ல பாத்தது கூடக் கெடையாது. ஆனா அக்கா அக்கான்னு உசுரு. பொங்கலுக்குப் பெயிண்டு அடிக்க ஆள் வந்தா பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடுவாக.” பிளாஸ்டிக் சுற்றிய புதுப்படத்தையும் காட்டினார். கம்ப்யூட்டர் அந்த அறுபது வயதுக்காரியை அப்படியே சிவப்பாக்கி, கண்களை நேராக்கி, பின்னால் தாமரைக் குளமும் வைத்திருந்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை, வேலை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் நிபந்தனை. பொங்கல் பெயிண்டுக்கு மட்டும்தான் இறக்குவது வழக்கம், இல்லையென்றால் கடைசியாக ஆற்றுக்கு. நல்லவேளை, சாய்ந்து தொங்கியதால் தலைக்குப் பின்னால் இடம் இருந்தது. எக்ஸ்ரே படம் விழுகிற பிளேட்டை அதில் செருகிவிட்டேன். இந்த ஊர் மாட்டுகிற முறையே எனக்கு ஸ்டாண்டாகப் பயன்பட்டது. சென்னையில் ஓவியத்தைச் சுவரோடு அறைந்து வைப்பார்கள்.

எல்லாரையும் தெருவுக்கு அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டேன். தொழுவம். “மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?” என்றார் வீட்டம்மா. மாட்டையும் தெருவுக்கு அனுப்பினோம். அக்கம்பக்கம் திரண்டுவிட்டது. மாடு, அண்ணாச்சி, டீச்சர், தெரு ஜனம் எல்லாம் வெளியே நிற்க, நான் தூணுக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்னக் கீச் சத்தம். அவ்வளவுதான். “இவ்வளவுதானா?” என்று தெருவில் யாரோ ஏமாந்து போனார்கள்.

லேப்டாப்பில் படம் மெல்ல விழுந்தது. டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அழகான படம். சேலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. தோள்வரை வந்தது. கழுத்துவரை வந்தது. அங்கிருந்து மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், முட்டை வடிவத்தில் ஒரு கறுப்பு.

கறுப்பு என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தம். ஈயம் இல்லை, தூரிகை போன தடம் இல்லை. அந்த இருட்டுக்குள் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள் மட்டும் அடுத்தடுத்து இருந்தன. ஏதோ தெறித்த துளி என்று நினைத்தேன். வோல்டேஜைக் குறைத்து எடுத்தேன், கூட்டி எடுத்தேன், பிளேட்டைத் திருப்பி எடுத்தேன். மாடு நாலு தரம் தெருவுக்குப் போய் வந்தது. முகம் வரவில்லை.

“யாரும் வரையவே இல்லையோ?” என்றார் டீச்சர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் குடைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தது.

தெரியவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்வது எனக்குச் சுலபமே இல்லை.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். “அக்கா, நான் அப்பமே சொன்னேன். உள்ள ஒண்ணும் இல்ல. மேல இருக்கதுதான் பெரியம்மா. நாளைக்குப் பத்தரைக்கு ராகு காலம், அதுக்கு முந்திப் பொறப்பட்டு ஆத்துல விட்டுருவோம். நல்லபடியாப் போகட்டும்.” அவர் கேலி செய்யவில்லை. மத்தியானம் இலையில் சொதி, இஞ்சித் துவையல். தேங்காய்ப்பால் சொதி, ஊர் முழுக்கப் புகழ்கிற சமையல். எனக்கு ருசி தெரியவில்லை. டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம், நான் தங்கியிருந்த லாட்ஜில் அந்தக் கறுப்பு முட்டையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் சுத்தமாக இருந்தது. ஓவியன் கோடு அப்படி இருக்காது, எங்காவது குழையும். இது வெட்டினது போல் இருந்தது. எதால் வெட்டினது, எதை வெட்டினது? தோற்றுப்போய்த் திரும்புகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வழியும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லாட்ஜுக்கு எதிரே ஒரு ஓட்டலில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறை பற்றி வாதாடினார்கள். ஒருவர் சொன்னதை நம் சென்னைத் தமிழுக்கு மாற்றினால், “அவன் வயலுக்கு மட்டும் ஆறு தானாக ஏறிப் போகிறதா?” இட்லி வந்தது. நிமிர்ந்தேன். கல்லாவுக்கு மேலே ஓட்டலை ஆரம்பித்தவரின் படம். கோட்டு, தலைப்பாகை, கையில் தடி. அதில் ஒரு விசித்திரம்: உடம்பெல்லாம் தட்டையாக இருக்க, தலை மட்டும் லேசாக உப்பியிருந்தது. சாம்பார் ஆவியில் தினமும் வெந்துகொண்டிருந்த தலை.

நாற்காலியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன்.

“யம்மா, யம்மா, என்ன செய்யுதிய?” என்றார் முதலாளி.

“உங்க தாத்தா தலை ஒட்டுப் போட்டது,” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “ஆமா, எல்லாருக்கும் அப்பிடித்தான செஞ்சாங்க. போட்டோவுல மொகத்த வெட்டி ஒட்டிட்டு ஒடம்ப மட்டும் வரைவாங்க. மொகம் தத்ரூபமா இருக்கணும்லா,” என்று சொல்லிவிட்டு எனக்காக டியூப்லைட்டைப் போட்டார். ஓரத்தில் காகிதம் எழும்பி நிற்பது நன்றாகத் தெரிந்தது.

போட்டோ! காகிதத்தில் ஈயம் ஏது? எக்ஸ்ரே அதை ஊடுருவிக்கொண்டு போய்விடும், கறுப்பாகத்தான் விழும். முகம் இல்லாததால் வந்த கறுப்பு அல்ல அது. வரைந்த முகத்தைவிட நிஜமான ஒன்று அங்கே இருந்ததால் வந்த கறுப்பு. முழு முட்டாள் நான், கையில் வைத்துக்கொண்டு ஒரு நாளெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு புள்ளிகள்? போட்டோவில் மூக்குத்திக் கல் மின்னாது. ஓவியன் அதன்மேல் ஈய வெள்ளையால் இரண்டு பொட்டு வைத்திருக்கிறான். நெல்லைக்காரிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. அதே மூக்குத்திகளை நான் டீச்சரின் முகத்தில் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இட்லியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வழியில் ஆட்டோ கிடைக்கவில்லை, ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி “கூடங்குளத்து அம்மாதான?” என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கூடத்தில் படத்தை இறக்கி, வெள்ளை வேஷ்டியில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கார். டீச்சர் சுவரில் படம் இருந்த இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அவிழ்க்கணும்,” என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். முந்தின நாள் எக்ஸ்ரேயையும், அப்போதே எடுத்துவைத்த ஓவியத்தின் போட்டோவையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எனாமல் மூக்கு ஒரு இடத்தில், மூக்குத்திப் புள்ளிகள் ஒரு விரல் தள்ளி இன்னொரு இடத்தில். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு நகர்ந்தே போயிருக்கிறது. “முகம் அடியில் இருக்கு. போட்டோ. என் மிஷினால அதைப் படமா எடுக்க முடியாது. மேல இருக்கிற பெயிண்ட்டை எடுத்தாத்தான் பார்க்க முடியும்.”

அண்ணாச்சி கயிற்றை விடவில்லை. “எடுக்கதுன்னா?”

“சுரண்டணும்.”

அவர் முகம் மாறிவிட்டது. “யம்மா, இந்த மொகத்துக்குத்தான் எங்கம்மா ஆயுசு பூரா வெளக்கு ஏத்துனாக. நான் நடக்கப் பழகுன நாள்லருந்து கும்பிட்ட மொகம். ஆத்துல விட்டா அது மரியாதை. கத்தி வச்சுச் சுரண்டுததுன்னா, அது என்னது? எங்கம்மைய சுரண்டுத மாதிரி இருக்கு எனக்கு. விடுங்க.”

எனக்கு வாதாட வராது. ஆவேசம்தான் வரும். அதற்கு முன்னால் டீச்சர் பேசினார். எழுந்திருக்கக்கூட இல்லை.

“ஏ கோமதி. ஒன் அம்மா போட்டோ ஒங்கிட்ட எத்தன இருக்கு?”

அவர் கயிற்றையே பார்த்தார்.

“கல்யாண ஆல்பம் இருக்கு. காசிக்குப் போனது இருக்கு. ஆதார் கார்டுல இருக்கு. ஒன் போன்ல பேசுதது கூட இருக்கு, நீ எனக்கே போட்டுக் காட்டிருக்க. நான் ஒண்ணே ஒண்ணுதான்டே கேக்கேன்.”

அண்ணாச்சி முடிச்சில் கை வைத்தார். பிறகு முடிச்சை அவரே அவிழ்த்தார். “ஒரு கண்ணு,” என்றார் என்னிடம். “ஒரே ஒரு கண்ணு மட்டும் தொறங்க. ஒண்ணும் இல்லன்னா அங்கனயே நிப்பாட்டிரணும்.”

ஜன்னல் பக்கம் தரையில் படத்தைக் கிடத்தி, குப்புறச் சாய்ந்து ஆரம்பித்தேன். பூதக்கண்ணாடி, சின்னக் கத்தி, பஞ்சு. வெடிப்பின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்து நெம்பினேன். ஒரு நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். எனாமல் பொருக்குப் பொருக்காகத் தானே கிளம்பி வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் கோட்டிங்குக்கும் ஓவியன் பூசிய பழைய வார்னிஷுக்கும் நடுவே, மெல்லிசாக, கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கு.

“அண்ணாச்சி, உங்க அம்மா எந்த எண்ணெயில விளக்கு ஏத்தினாங்க?”

“நல்லெண்ணெய். எதுக்கு?”

“அந்தப் புகைதான். முதல் கோட்டிங் அடிக்கிறதுக்கு முந்தியே படத்துமேல படிஞ்சு படிஞ்சு ஒரு ஏடாவே நின்னிருக்கு. அதனால பெயிண்ட் அடியில பிடிக்கவே இல்லை. உங்க அம்மா விளக்கு ஏத்தாம இருந்திருந்தா எனாமல் போட்டோவுல ஒட்டி, போட்டோவே போயிருக்கும். காப்பாத்தினது அவங்கதான்.”

இதை அவரைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. அது உண்மை. அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் தொழிலில் பழைய பிசுக்கை எடுக்க எச்சிலைப்போல் ஒன்று கிடையாது. அந்தக் கூடத்தில் அதைச் செய்தால் படத்தோடு என்னையும் ஆற்றில் விட்டிருப்பார்கள். பாட்டில் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, உருட்டி உருட்டி எடுத்தேன். பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

புருவம் வந்தது. அடர்த்தியான, திருத்தாத புருவம். அப்புறம் இமை. அப்புறம் கண்.

எனக்கு ஒரு அம்மாவின் கண் வரும் என்றுதான் எண்ணம். எல்லாருக்கும் அதே எண்ணம்தான். வந்தது ஒரு சின்னப் பெண்ணின் கண். கேமராவை முதல் தடவை பார்த்து மிரண்ட கண், சிரிப்பு வந்துவிடுமோ என்று வேறு அடக்கிக்கொண்டிருந்த கண். பதினெட்டு இருக்கும், அதற்குமேல் நான் மதிக்க மாட்டேன். சுற்றிலும் அறுபது வயது ரோஸ் எனாமல், நடுவே அவள்.

நான் நகர்ந்து இடம் விட்டேன். டீச்சர் குடையை ஊன்றி மெல்லத் தரையில் உட்கார்ந்து குனிந்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சின்னப் புள்ளைலா,” என்றார். “யே கோமதி, இங்க வந்து பாரு. இவ சின்னப் புள்ளைடே. நம்ம பேத்தி வயசுகூட இருக்காது. இவளையா நான் ஏன் என்ன விட்டுட்டுப் போனன்னு அத்தன வருஷம் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்?”

அண்ணாச்சி மண்டியிட்டார். “முழுசாத் தொறந்துருங்கம்மா,” என்றார். வாசலைப் பார்த்து, காரைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

டீச்சரின் கை நீண்டது. சுண்ணாம்புக் கட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல், வந்ததிலிருந்து நான் தட்டித் தட்டி விலக்கிய அதே விரல், அந்தப் புருவத்தின்மேல் வந்து நின்றது. தொடாதீங்க என்று என் நாக்குவரை வந்துவிட்டது. அந்த இடத்தில் கை படவே கூடாது. விரலில் உப்பு இருக்கும், எண்ணெய் இருக்கும், அன்றைக்குக் கண்ணீர் வேறு இருந்தது.

நான் எழுந்து திரும்பிக்கொண்டு, கத்தியைத் துடைத்தேன்.